நாட்கணக்கும் நல்வாழ்வும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எழுத்தும் எண்ணும் கற்பது மட்டும் கல்வியாகாது. தன் உடலைத் தான் அறிவதும் கல்வியே. ஆதலின், மேடையில் பலரும் பேசத் தயங்கும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்கின்றோம். கருவுறும் வாய்ப்பு எப்போது உண்டு, அதை எந்நாளில் சோதித்து அறிவது என்பதே அப்பொருள். ஆண்மக்கள் எழுந்து சென்றுவிட வேண்டா. இப்பாடத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

நம் மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை அறியாதார் இவ்வூரில் இலர். பேறுகாலத்தில் இரத்தினாவதி என்னும் பெண் தாயின் வரவுக்காகக் காத்திருந்தாள். காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே தாயுருவில் வந்து துணை செய்தான் என்பது கதை. நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். அதிலுள்ள உண்மை ஒன்று. உரிய வேளையில் உதவி வந்து சேர வேண்டும். இன்று காவிரிக்குப் பாலங்கள் உண்டு. திருவரங்கத்திலும் அரசு மருத்துவமனை உண்டு, புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் உண்டு. ஆயினும் நாணமும் அச்சமும் அறியாமையும் வெள்ளமாக நின்று நம் பெண்களை அக்கரையிலேயே நிறுத்திவிடுகின்றன.

அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளரின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1938இல் கருத்தடை வசதி வேண்டும் தீர்மானத்தை அவர் கட்சியினர் அம்மன்றத்தில் கொணர்ந்தனர், அது தோற்றது. தாயின் உடல்நலம் சமுதாய உரிமையின் ஒரு கூறு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இனிச் செய்திக்கு வருவோம். பெண்ணின் கருமுட்டை, அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன் வெளிவருகிறது. ஒரு நாள் அளவே உயிருடன் இருக்கிறது. ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிருடன் இருக்க வல்லது. ஆகவே ஒரே ஒருமுறை கூடினாலும் கருத்தரிக்கலாம். முதல்முறை என்பதாலும் தப்ப முடியாது. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்க்குப் 'பாதுகாப்பான நாள்' என்னும் கணக்கு பொய்த்துப்போகும். பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்கு திரும்பும் முன்னரே கரு உண்டாதலும் உண்டு. அதே வேளையில், ஒரே குளத்தில் குளிப்பதாலோ, கை படுவதாலோ, ஒருவர் உடையை மற்றவர் உடுத்துவதாலோ கரு உண்டாகாது. இவ்வச்சத்தால் உறக்கம் இழக்கும் பிள்ளைகள் இதனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பின்றிக் கூட நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ளத்தக்க அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு. விரைந்து உட்கொண்டால்தான் பயன் மிகுதி. முன்னரே தங்கிய கருவை அது கலைக்காது.

கருப்பையில் கரு பதிந்த பின்னரே எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் சிறுநீரில் தோன்றுகிறது. மேட்டூரில் திறந்த நீர் அன்றே முக்கொம்பு வந்து சேர்வதில்லை அன்றோ? அதுபோலவே கூடிய மறுநாள் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மாதவிலக்கு வரவேண்டிய நாள் தவறியதும் சோதிக்கலாம். நாட்கணக்கு தெரியாதவர் கடைசியாகக் கூடிய நாளிலிருந்து 3 வாரம் கழித்துச் சோதிக்கலாம். விடியற்காலை முதற் சிறுநீரே நன்று. இரண்டு கோடு தெரிந்தால், ஒன்று மங்கலாயினும், கரு உண்டு எனக் கொள்ளலாம். ஒரு கோடு மட்டும் தெரிந்து, மாதவிலக்கும் வாராதிருந்தால், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சோதனை அட்டை மருந்துக் கடையில் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சோதித்துக்கொள்ளலாம்.

கரும்பலகைக் கணக்கு ஒன்று சொல்வோம். மருத்துவர் கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றனர். மாதவிலக்குத் தவறும் அன்றே கணக்கில் 4 வாரம் ஆகிவிடுகிறது. 'பார்ப்போம்' என்று இரண்டு மாதம் வாளாவிருந்தால் 12 வாரம் கடந்துவிடும். அதற்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படை அமைந்து முடிந்திருக்கும். தொடக்கத்திலேயே வேண்டிய போலிக் அமில மாத்திரை அதன்பின் அவ்வகையில் பயன் தராது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் அரசு வழங்கும் மகப்பேறு உதவி, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கும் 12 வாரத்திற்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதத்தால் ஏழைத் தாய் உடல்நலத்தையும் இழக்கிறாள், உரிமையையும் இழக்கிறாள்.

நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியோ, இரத்தப் போக்கோ, மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாமதியாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். அஃது உயிருக்கே ஊறு.

வேண்டாக் கருவுற்றவர் நாட்டு மருந்தென்றும் குச்சியென்றும் போய் உயிரிழக்க வேண்டா. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021 திருத்தமும், சட்டம் கூறும் காரணங்களுக்காக அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் கருக்கலைப்புக்கு வழி செய்கின்றன. 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதலே போதும். கணவன் ஒப்புதல் தேவையில்லை. அவள் பெயரை வெளியிடல் குற்றம். மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பாதவர்க்குப் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். அச்சிறுமி குற்றவாளி அல்லள். சட்டம் அவளைக் காக்கவே உள்ளது.

இளைஞர்களே! ஆணுறையும் உங்கள் பொறுப்பு. சோதனைக்கும் மருத்துவமனைக்கும் உடன் செல்வதும் உங்கள் பொறுப்பு. தாய்மார்களே! மகள் நடுங்கிக்கொண்டு வந்து சொல்லும்போது ஓங்கிய கையைத் தாழ்த்துங்கள். முதற்சொல் வசையானால் இரண்டாம் சொல்லை அவள் சொல்லமாட்டாள், வாரங்கள் ஓடிவிடும்.

வீட்டு நாட்காட்டியில் மாதந்தோறும் ஒரு சிறு புள்ளி இடும் பழக்கத்தை நம் பெண்கள் மேற்கொள்வார்களாக. அப்புள்ளி அவர்களுக்குத் துணை நிற்கும்.