கருவிலிருக்கும் மூளைக்கு யார் காவல்?

(கீழ்புத்துப்பட்டில் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



"ஆய்வுக்கூடத்தில் மனித மூளையை வளர்க்கிறார்களாமே, இது தகுமா?" என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்டீர்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் 1956-இல் ஒரு நோய் தெரியவந்தது. ஆலைக்கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்து, அதை உண்டவர்களை வாட்டிற்று. நோய்க்குறி அதிகமில்லாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பிறந்தார்கள். தாய் தாங்கியதைக் கருவின் மூளை தாங்கவில்லை.

இத்தகைய தீங்கை முன்னரே அறிய, கருவுற்ற எலிகளுக்கு ரசாயனத்தைக் கொடுத்துப் பார்ப்பதே நெடுநாள் வழக்கம். அதற்குச் செலவும் காலமும் மிகுதி. எலியின் மூளை வளரும் விதமும் வேறு. ஆகவே புழக்கத்திலுள்ள ரசாயனங்களில் மிகச் சிலவே இவ்விதம் சோதிக்கப்பட்டுள்ளன.

2007-இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா, வளர்ந்த மனிதரின் தோல் உயிரணுக்களைத் தொடக்கநிலை உயிரணுக்களாக மாற்றிக் காட்டினார். 2013-இல் வியன்னாவில் லான்காஸ்டர், நோப்ளிக் ஆகியோரின் குழுவினர் அத்தகைய உயிரணுக்களிலிருந்து பட்டாணி அளவு மூளைத் திசுவை வளர்த்தனர். அத்திசு வளரும்போதே கவனிக்க உதவும் சிறு கருவியொன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கி 2021-இல் வெளியிட்டன. ஈயத்தையோ பூச்சிமருந்தையோ இத்திசுவில் இட்டு, நரம்பணுக்களின் வளர்ச்சி தடைப்படுகிறதா என்று பார்க்கலாம். புதிய மருந்துகளை இத்தகைய முறைகளில் சோதிக்க 2023-இல் இந்திய விதிகளும் இடமளித்தன.

இது சிந்திக்கும் மூளையல்ல, சிறு திசுவே. தோலிலிருந்தே செய்யமுடிவதால் கருவை அழிக்கவேண்டிய கட்டாயமில்லை. கரு உயிரணுக்களைப் பயன்படுத்தும் கூடங்களும் உண்டு. ஆகையால் எதிலிருந்து எடுத்தது என்று கேட்பது நம் கடமை.

ஆனால் இத்திசுவுக்குத் தாய் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. கருவின் மூளையோ முதல் மாதங்களில் தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. அச்சுரப்புக்கு அயோடின் வேண்டும். பாத்தியில் வாரும் உப்பில் அது போதாது, பிறகுதான் சேர்க்கப்படுகிறது. நம் மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நிற்கும் கர்ப்பிணி அந்த உப்பையே சமையலுக்கு எடுத்துப்போனால், உப்பின் நடுவே வாழ்ந்தும் அவள் பிள்ளைக்கு அயோடின் குறைவுபடலாம்.

எனவே பிரியமானவர்களே, நஞ்சை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கட்டும். தாயைக் காப்பது நம் பங்கு. உங்கள் சபையிலும் தெருவிலும் உள்ள கர்ப்பிணிகளிடம், "எந்த உப்பில் சமைக்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். அயோடின் கலந்த உப்பை வாங்கி, மூடிவைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலில் அவர்களை இறங்கவிடாதீர்கள். பேச வாயில்லாத அந்தப் பிள்ளைக்காக இன்று நாம் பேசுவோம்.

ஆண்டவர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.