வாசற்படிக் காசு

(திருத்தணியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இம்மலைக்கு 365 படிகள், வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்பதாகச் சொல்லுகிறார்கள். அப்படிகளில் காவடி தூக்குகிறவர்களைப் பற்றி நாம் பலமுறை பேசியாயிற்று. இன்று பேச வந்தது, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் வேறொரு வாசற்படியைப் பற்றி.

நம் தேசத்துக் கைப்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை கூகுள் கம்பெனியின் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அதில் ஒருவன் தொழில் செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் பிளே ஸ்டோர் என்கின்ற வாசல் வழியாகவே நுழைய வேண்டும். வாசலும் கூகுளுடையது, உள்ளே அதற்குச் சொந்தக் கடையும் உண்டு, நுழைகிறவன் தர வேண்டிய காணிக்கையையும் அதுவே நிர்ணயிக்கிறது. பக்தனுக்கும் சாமிக்கும் நடுவில் நிற்கும் புரோகிதனுக்குக்கூட இவ்வளவு சௌகரியம் கிடையாது.

தேங்காய் மட்டும் கேட்டவனிடம், மாலை, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் சேர்ந்த தட்டாகத்தான் தருவேன் என்றால் எப்படியோ, அப்படியே பிளே ஸ்டோர் வேண்டுமென்ற கைப்பேசிக் கம்பெனிகள் குரோம், யூடியூப் முதலியவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டுமென்று நிபந்தனை போடப்பட்டது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20-ந் தேதி 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, ஆணையத்தின் பத்துக் கட்டளைகளில் நான்கை ரத்துச் செய்துவிட்டது.

சென்னையிலுள்ள பாரத் மேட்ரிமோனி கம்பெனியின் கதையைக் கேளுங்கள். கூகுள் தேடலில் ஓரவஞ்சனை செய்கிறது என்று 2012-ல் முறையிட்டது. 135.86 கோடி அபராதம் என்ற தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரியில். ஆறு வருஷம்! பிறகு காணிக்கைத் தகராறு. கூகுளின் பெட்டியில் பணம் கட்டாமல் வேறு வழியில் வாங்கினாலும் 11 முதல் 26 சதவீதம் வரை கொடு என்றது. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள்; பலிக்கவில்லை. 2024 மார்ச்சு 1-ந் தேதி அக்கம்பெனியின் செயலிகளும் வேறு பல இந்தியக் கம்பெனிகளின் செயலிகளும் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டன. சர்க்கார் தலையிட்ட பிறகே சில தினங்களில் திரும்பின.

“ஜாதிவாரியாகத் தளம் வைத்து மாப்பிள்ளை தேடித்தரும் கம்பெனிக்காகச் சுயமரியாதைக்காரர் ஏன் அழவேண்டும்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அவ்வியாபாரம் ஒழிய வேண்டியது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஜனங்களுக்குப் புத்தி வந்து ஒழிய வேண்டுமேயல்லாமல், ஒரு முதலாளி காசுக்காகக் கதவைச் சாத்தியதால் ஒழியக்கூடாது. அந்தக் கதவு நாளைக்குப் பகுத்தறிவுப் பத்திரிகைக்கும் சாத்தப்படலாம் அல்லவா? அப்பொழுது எந்த யோக்கியதையில் நியாயம் கேட்பது?

“இஷ்டமில்லாதவன் போகாமலிருக்கலாமே” என்பது இன்னொரு சமாதானம். மலைக்குப் போகாமல் நாம் சுகமாகவே இருக்கிறோம். கைப்பேசிக்குள் போகாமல் ஒரு கடைக்காரன் பிழைக்க முடியுமா? 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் பெரியவனாக இருப்பதைக் குற்றமென்று சொல்லவில்லை. அந்தப் பலத்தைத் துஷ்பிரயோகம் செய்வதையே 4-வது பிரிவு தடுக்கிறது. ஆனால் அடி விழுந்து, விசாரித்து, அப்பீல் முடிவதற்குள் அடிபட்டவன் கடையே இருப்பதில்லை. ஆகவே முன்கூட்டியே விதி வைக்க வேண்டுமென்று சர்க்கார் நியமித்த குழு 2024 மார்ச்சில் ஒரு மசோதா நகலை வெளியிட்டது. அரக்கோணம் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், ரோடு போடுவீர்களா என்பதோடு, அம்மசோதா என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.