"அவர் வரலையா?"

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் 1992-ஆம் ஆண்டு பி.காம். மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை 'வங்கித் துறையில் பெண்கள்' என்று பேசச் சொன்னார். எழுதியும் கொண்டுவந்தேன். ஆனால் காலையில் பெயர் பதிந்ததிலிருந்து தேநீர் வரை பதினோரு பேர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "அவர் வரலையா?" பதினோரு பேருக்கும் "வேலை இருக்கு" என்று பொய் சொன்னேன். பன்னிரண்டாவது முறை சொல்ல வாய் வரவில்லை. அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

1995-ல் எனக்குக் கல்யாணம். உங்களில் பாதிப் பேர் வந்து பாத்திரம் கொடுத்தீர்கள். 2016-ல் விவாகரத்து. யார் மேல் தப்பு என்று கேட்காதீர்கள். இருபத்தொரு வருஷத்தை மைக் முன்னால் சொல்ல முடியாது. இருவரும் சம்மதித்துப் பிரிகிற 13-பி என்ற பிரிவு, இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல்தான் சேர்ந்தது. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நீதிபதி நினைத்தால் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல். நாங்கள் முந்திக்கொண்டோம், அதனால் ஆறு மாதமும் முழுசாக இருந்தோம். அந்த ஆறு மாதத்தில் நான் கேட்காத அறிவுரை இல்லை.

2019-ல் என் மகள் கல்லூரிக் கடைசி வருஷம். ஒருநாள் என் போனைப் பிடுங்கி, "அம்மா, உனக்கு வரன் பார்க்கப் போறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் காலத்தில் தரகர் கக்கத்தில் மஞ்சள் பை, அதற்குள் ஜாதகக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை விளம்பரம். அதற்குப்பின் அமெரிக்காவில் வேலை பார்த்த நம்மூர் முருகவேல் ஜானகிராமன் 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் திருமணப் பகுதிக்குத்தான் கூட்டம் கூடியது. பாரத் மேட்ரிமோனி வளர்ந்தது அதிலிருந்துதான். நான் சேர்ந்தது எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். 'இந்த விவரத்தைப் பதிவு செய்பவர் யார்?' என்று அதில் ஒரு கேள்வி. பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர் எல்லாம் இருந்தது. மகள் என்று இல்லை. அவள் 'உறவினர்' என்று போட்டாள்.

'என்னைப் பற்றி' என்ற இடத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அம்மா, இது கடன் விண்ணப்பம் மாதிரி இருக்கு" என்று அழித்துவிட்டாள்.

வந்த வரன்களைச் சொல்கிறேன். அறுபத்திரண்டு வயசுக்காரர் ஒருவர் முதல் பேச்சிலேயே, "அம்மாவுக்கு எண்பத்தஞ்சு வயசு, நீங்க பொறுமைசாலிதானே?" என்றார். அவருக்குத் தேவை மனைவி இல்லை, நர்ஸ். இன்னொருவர் 'சாதி தடையில்லை' என்று போட்டிருந்தார், போனை எடுத்ததும், "நீங்க என்ன ஆளுங்க?" மனைவியை இழந்தவருக்கு ஓர் அனுதாபம் இருக்கிறது. விவாகரத்தானவளுக்கு விசாரணைதான்.

இனி சொல்லப்போவதை என் மகளுக்கே போன வருஷம்தான் சொன்னேன். லண்டனில் எலும்பு மருத்துவர் என்று ஒருவர் எழுத ஆரம்பித்தார். பெயர் தமிழ்ப்பெயர், ஆனால் ஒருநாளும் தமிழ் பேசியதில்லை, வீடியோவில் வந்ததில்லை. தினமும் காலை ஆறரைக்கு, 'நல்லா தூங்கினீங்களா?' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். தோழிகளே, என்னை அப்படி யாரும் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று கணக்குப் பார்த்தேன். விடை பிடிக்கவில்லை. ஐந்தாவது வாரம், பரிசுப் பெட்டி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். மறுநாள் டெல்லி விமான நிலையச் சுங்க இலாகா என்று ஒரு பெண் பேசினாள். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணம். கட்டினேன். மறுநாள், பெட்டியில் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, இன்னும் ஒரு லட்சத்து இருபதாயிரம் வேண்டும் என்றாள். அப்போதுதான் கணக்கு எண்ணைச் சரியாகப் பார்த்தேன். யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு! சுங்க வரி சேமிப்புக் கணக்குக்கா போகும்? இதைத்தான் கவுன்டரில் உட்கார்ந்து பென்ஷன்காரர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொன்னவள்.

வெட்கத்தில் புகார் கொடுக்கவில்லை. அது பெரிய தப்பு. இப்போது 1930 என்ற எண் இருக்கிறது. உடனே கூப்பிட்டால், பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்த வாய்ப்பு உண்டு. மாணவச் செல்வங்களே, உங்கள் அம்மாவோ அத்தையோ இப்படி மாட்டினால், "படிச்சவங்கதானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் வாயை மூடிக்கொண்டேன். பணம் போனது ஒரு மாதத்தில் மறந்துபோச்சு. ஆறரை மணிக்குப் போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம் போக இன்னும் நாளாயிற்று.

தளத்திலிருந்து பெயரை எடுக்கலாம் என்று இருந்தபோது, 2020 ஜனவரியில் ஒருவர் எழுதினார். பாலிடெக்னிக் ஆசிரியர், அவரும் விவாகரத்தானவர். இரண்டே வரி, அதில் ஓர் எழுத்துப்பிழை. எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பிழையால்தான்! பிப்ரவரியில், இருவருக்கும் நடுவில் என்று திண்டுக்கல்லில் ஓர் ஓட்டலில், பட்டப்பகலில் சந்தித்தோம். பக்கத்து மேசையில் என் மகள் தோசை தின்றுகொண்டு காவல். அவர் அவள் பில்லையும் சேர்த்துக் கட்டிவிட்டு, "நான் தேறிட்டேனாம்மா?" என்று அவளைக் கேட்டார். அடுத்த மாதம் ஊரடங்கு. பஸ் கிடையாது. போனில் பேசிப் பேசியே பழகினோம். அவருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டிவலி. காதல் வசனம் பெரும்பாலும் மாத்திரை பற்றித்தான்.

பிறகு ஏன் இத்தனை வருஷம்? பயம்தான். என் மகள் கல்யாணம் முடியட்டும், சம்பந்தி வீட்டார் ஏதாவது சொல்வார்கள் என்றேன். 2023-ல் அது முடிந்தது. மருமகனிடம் மகளே எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாளாம். நான்தான் வீணாக நடுங்கியிருக்கிறேன். அடுத்து அவர் மகன். "ஊர் என்ன சொல்லும்?" என்று அப்பாவோடு ஆறு மாதம் பேசவில்லை. போன மாதம்தான் போன் பண்ணி, "தேதியைச் சொல்லுங்க, லீவு கிடைக்குதான்னு பார்க்கிறேன்" என்றிருக்கிறார். சம்மதமா இல்லையா என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. தை மாதம் என்று முடிவு செய்துவிட்டோம்.

புரோகிதர் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த 7-ஏ பிரிவுப்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும், பிறகு பதிவு. பத்திரிகை அடிக்கவில்லை. உறவில் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் நண்பர்கள் பக்கம் நீங்கள்தான் வரவேண்டும். பாத்திரம் வேண்டாம், இருக்கிறதே போதும்.

"அவர் வரலையா?" என்று கேட்டீர்கள் அல்லவா? வந்திருக்கிறார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். "நீங்க பேசி முடிங்க, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு டோக்கன் இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.