ஸ்பெயின் தேசத்துத் தனியாட்சி குடியாட்சியான வரலாறு
(சங்கத்து மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒருவனை வீழ்த்தி மற்றொருவன் முடி கவித்துக்கொண்ட கதைகள் புராணத்திலும் சரித்திரத்திலும் மலிந்து கிடக்கின்றன. தன் அதிகாரத்தைத் தானே சட்டப்படி கரைத்துக்கொண்ட சபையின் கதையோ அரிது. அவ்வரிய கதையையே இன்று யாம் உரைக்கப் புகுந்தோம்.

ஸ்பெயின் தேசத்தில் 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அதில் வென்ற சேனாபதி பிராங்கோ 1975 நவம்பர் 20-ல் இறக்குமட்டும் அவர் வாக்கே ஆங்குச் சட்டம். தமக்குப் பின் ஆள ஹுவான் கார்லோஸ் என்னும் அரசகுமாரரை 1969-லேயே குறித்துவைத்திருந்தார். அவரும் பழைய கோட்பாடுகளுக்குக் கட்டுப்படுவதாக ஆணையிட்டே அரசரானார். 1976 ஜூலையில் அவர் முதன் மந்திரியாக்கிய அடால்போ சுவாரெஸ் என்பவரோ, பழைய ஆட்சியின் ஒரே கட்சிக்குக் காரியதரிசியாயிருந்தவர். குடியாட்சி வேண்டினோர் மனமுடைந்தது வியப்பன்று.

ஆயினும், கோட்டையின் திறவுகோல் உள்ளிருப்பவனிடந்தானே இருக்கும்! பொதுமக்கள் வாக்கால் அமையும் ஈரவைகளுக்கு வழி வகுக்கும் சட்டமொன்றைச் சுவாரெஸ் பழைய சபையின்முன் வைத்தார். சட்டத்தைச் சட்டத்தின் வாயிலாகவே மாற்றும் இவ்வுபாயத்தை வகுத்தவர் அச்சபையின் தலைவர் பெர்னாண்டஸ் மிராண்டா. அவர் அரசருக்கு முன்னாளில் ஆசிரியராயிருந்தவர். எம் தொழிலினர் என்பதனால் யாம் சற்றே பெருமிதங் கொள்வதை அன்பர்கள் பொறுத்தருள்க. 1976 நவம்பர் 18-ல் 425 பேர் இசைந்தனர். 59 பேர் மறுத்தனர். 13 பேர் எப்பக்கமும் சாரவில்லை. தம் ஆசனங்களுக்குத் தாமே முடிவு கட்டினர்.

அவர்கள் மனந்திருந்தினரென்று மட்டுங் கொள்ளற்க. தெருக்களில் வேலைநிறுத்தம் பெருகியிருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் விட்டோரியா நகரில் தொழிலாளர் ஐவர் போலீசாரின் குண்டுகளுக்கு இரையாயிருந்தனர். கதவை உள்ளிருந்து திறந்தோரைப் புகழுங்கால், வெளியே நின்று தட்டினோரை மறத்தல் அறமாகாது.

டிசம்பர் 15-ல் குடிகள் அச்சட்டத்துக்கு ஒப்புதல் தந்தனர். 1977 ஏப்ரலில் பொதுவுடைமைக் கட்சிக்கிருந்த தடை நீங்கிற்று. ஜூனில் தேர்தல் நடந்தது. 1978 டிசம்பர் 6-ல் புதிய அரசியற் சட்டத்தைக் குடிகள் ஏற்றனர்.

இனி, 1981 பிப்ரவரி 23-ஐக் கூறுவாம். ஏறக்குறைய 200 ஆயுதப் போலீசார் மக்கள் சபையிற் புகுந்து கூரையை நோக்கிச் சுட்டனர். உறுப்பினர் ஆசனங்களின் அடியிற் பதுங்கினர். பதுங்காதவர் மூவர்: பதவி நீங்கும் முதன் மந்திரி சுவாரெஸ், துணை முதன் மந்திரி குட்டியேரஸ் மெயாடோ, பொதுவுடைமைத் தலைவர் கரீயோ. பின்னிருவரும் பழைய போரில் எதிரெதிர் அணியினர்! சேனாபதியாகிய மெயாடோ, முதுமையையும் பாராது எழுந்து, துப்பாக்கி ஏந்தியவரை எதிர்த்துக் கடிந்தார். நள்ளிரவு கடந்தபின் அரசர் படையுடையிலே தொலைக்காட்சியில் தோன்றி, அரசியற் சட்டத்தின் பக்கமே தாம் நிற்பதாக உரைத்தார். மறுநாள் கலகம் அடங்கிற்று. 1982-ல் சோஷலிஸ்டுகள் தேர்தலில் வென்று அமைதியாக ஆட்சியேற்றனர்.

இதுகாறும் போற்றினோம். இனிக் கூறுவது எம் நெஞ்சை உறுத்துவது. 1977 அக்டோபரில் இயற்றிய பொதுமன்னிப்புச் சட்டம் அரசியற் கைதிகளை விடுவித்தது, நன்று. அதே சட்டம் பழைய ஆட்சியின் ஊழியர் இழைத்த கொடுமைகளையும் விசாரணைக்கு அப்பால் வைத்தது. கலகத்துக்கு அஞ்சிய காலத்தில் வேறு வழி இருந்ததோ என வினவுவாருக்கு எம்மிடம் எளிய விடையில்லை. ஆனால் அவ்விலையைச் செலுத்தியவர் சபையில் அமர்ந்தோர் அல்லர். உற்றாரைக் கொன்று புதைத்த இடமறிந்தும் வாய்திறவாதிருந்த கிராமத்துப் பெண்டிர். பிராங்கோவின் உடல் அவர்தம் பெருங் கல்லறையில் 2019 வரை கிடந்தது. இவர்தம் கணவரோ சாலையோரக் குழிகளிற் கிடந்தனர்.

2000-ஆம் ஆண்டிலே, பிரியரான்சா என்னும் ஊரருகே, பேரன் ஒருவர் தம் பாட்டனாரைத் தேடிக் குழியொன்றைத் தோண்டுவித்தார். பதின்மூவரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் பாட்டனார் எலும்பு இன்னதெனத் தெளிய மேலும் மூன்றாண்டு சென்றது.