பரிசிலும் பரிந்துரையும்



இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே அமைந்தது சேத்தூர். ஏட்டிலே அதன் பெயர் சேற்றூர். முன்னாளில் அது ஒரு ஜமீனுக்குத் தலைநகராய் விளங்கிற்று. அதன் அரண்மனை தமிழ்ப் புலவர்களைப் போற்றிக் காத்தது. புலவர் பாடினார், புரவலர் பரிசில் வழங்கினார். புகழ்ச்சி சில வேளைகளில் அளவு கடந்தும் இருந்திருக்கலாம். ஆயினும் அதைக் கேட்டு எவரும் ஏமாறவில்லை. பாட்டுடைத் தலைவன் யார், பரிசில் கொடுத்தவன் யார் என்பது அவையினர் அனைவரும் அறிந்த செய்தியன்றோ?

இன்று அவ்வூரிலும், மற்ற ஊர்களைப் போலவே, இளைஞர் கையில் கைபேசி இருக்கிறது. அதிலே சிலர் வீடியோ விளையாட்டு ஆடுகின்றனர். சிலர் பிறர் ஆடுவதைக் கண்டு களிக்கின்றனர். இதில் வியப்பில்லை. கபடி ஆடத் தெரியாதவரும் கபடி பார்ப்பதுண்டு. மேலும், மின்விளையாட்டு இன்று மதிப்புப் பெற்றுவிட்டது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

ஆனால், யூடியூபில் ஆடிக் காட்டுபவர் வெறும் ஆட்டக்காரர் மட்டும் அல்லர். ஆடிக்கொண்டே பேசுகிறார், நகைக்கிறார், தோற்றால் வருந்துகிறார். நூறு மாலைப்பொழுதுகள் அவருடன் கழிந்தபின், முகமறியாத அவர் நமக்கு ‘அண்ணன்’ ஆகிவிடுகிறார். சுவரிலே ஒட்டிய விளம்பரத்தைக் கண்டால் நம் மனம் விழித்துக்கொள்கிறது. அண்ணன் சொல்லைக் கேட்டால் அவ்வாறு விழிப்பதில்லை. இதை வணிகர் நன்கு அறிவர். அவர்கள் விலை கொடுத்து வாங்குவது, நாம் அவரிடம் வைத்த நம்பிக்கையையே.

மெய்யாக நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2014-ல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு, புதிய வீடியோ விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. புகழ் பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பணமும், வெளியீட்டுக்கு முன்பே அவ்விளையாட்டின் பிரதியும் அளித்தது. விளையாட்டின் பிழைகளைக் காட்டலாகாது என்றும் நிபந்தனை விதித்தது. அவர்கள் வெளியிட்ட காட்சிகள் 55 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன. பணம் பெற்ற செய்தியோ, பலர் திறந்து பாராத அடிக்குறிப்பிலே மறைந்து கிடந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதனை ஏமாற்று என்று குற்றஞ்சாட்டியது. இனி இவ்வாறு மறைப்பதில்லை என்று 2016-ல் அந்நிறுவனம் உடன்பட நேர்ந்தது.

நம் நாட்டிலும் விதிகள் உண்டு. பொருளோ பணமோ பெற்று ஒன்றைப் பரிந்துரைப்பவர், அதை எளிய சொற்களில் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. நேரலையாயின், அந்த அறிவிப்பு முழுநேரமும் திரையில் தோன்றவேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மின்விளையாட்டை ஊக்குவிக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை விலக்குகிறது. அத்தகைய ஆட்டங்களை விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறையும், 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த மண்ணுக்கு இக்கவலை புதியதன்று.

எனினும், சூதல்லாத விளையாட்டிலும் விழிப்பு வேண்டும். ‘இலவசம்’ என்று வரும் விளையாட்டுகள் பல, உள்ளே உடையும் அணியும் விற்றுப் பொருள் ஈட்டுகின்றன. முதலில் ரூபாய் ஆட்டக்காசாக மாறுகிறது. பின் அக்காசு சட்டையாக மாறுகிறது. இவ்விரு மாற்றங்களுக்கிடையே உண்மை விலை மறந்துபோகிறது. இராசபாளையத்து நூற்பாலையில் இரவுப்பணி செய்யும் தந்தையின் கூலி, திரையிலுள்ள பொம்மைக்குச் சட்டையாகிவிடலாம். அண்ணன் அணிந்த சட்டை என்பதே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். அவருக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கலாம். நமக்கு அது ஒரு வாரக் கூலி.

ஆகவே, மாணவர்களே, ஆடுவதை விடுங்கள் என்று நான் கூற வரவில்லை. பரிந்துரை ஒன்றைக் கேட்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இவருக்குப் பரிசில் கொடுத்தவர் யார்? இதன் குறையை இவர் சொன்னாரா? இதன் விலை ரூபாயில் எவ்வளவு? உங்களுள் சிலர் நாளை இத்துறையில் புகழ் பெறவும் கூடும். அப்போது உங்கள் சொல்லை நம்பி ஒரு சிறுவன் வீட்டுப் பணத்தை எடுப்பான். பரிசில் பெறுவது இழிவன்று. சேற்றூர்ப் புலவரும் பெற்றனர். அவர்களைப் போல் அவையறியப் பெறுங்கள், அவையறியச் சொல்லுங்கள்.