குருதி செல்லும் திசை



அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில், கட்டிங் மேசையிலும் அயர்ன் மேசையிலும் நாள் முழுதும் நின்றுழைக்கும் நம்மவர் கால்களில் ‘நரம்பு’ சுருண்டு புடைப்பதை நாம் அறிவோம். அது நரம்பன்று, சிரை. அதன் வால்வு பழுதுற்றால், மேலேற வேண்டிய குருதி கீழே திரும்பும். இதனைக் காட்டுவது டாப்ளர் ஸ்கேன்.

1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன் ஒளிக்குச் சொன்ன விதியே, குருதியணுக்களில் பட்டு மீளும் மீயொலிக்கும் பொருந்துகிறது. அதிர்வெண் மாறும் அளவே வேகத்தைச் சொல்லிவிடும். கத்தியில்லை, கதிர்வீச்சில்லை.

திரையில் நீலத்தைக் கண்டு ‘கெட்ட இரத்தம்’ என அஞ்சுவோர் உளர். இரத்தத்தில் உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டில் இம்மயக்கம் வியப்பன்று! வழக்கப்படி, கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகுவது நீலம். தூய்மைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. மேற்புறச் சிரையில் அரை விநாடிக்கு மேல் குருதி பின்னோக்கிப் பாய்ந்தால் வால்வு பழுதென்பர். கணுக்காலில் புண் வரும்வரை காத்திராமல், மாலையில் கால் வீங்கும்போதே மருத்துவரிடம் காட்டுவோம். நிற்கவைத்தே சோதிப்பர், படுத்தால் பழுது மறைந்துகொள்ளும்.