கிளவுஸ் போட வேண்டாமா, போடக் கூடாதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளில் யாராவது ஒருவர் ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ வேலை பார்க்கிறார். கோமாட்சு, யமஹா என்று ஜப்பான் கம்பெனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் 'மின்னா நோ நிஹோங்கோ' புத்தகத்தோடு பஸ் ஏறுவதைப் பார்த்து, பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒன்று வாங்கினேன். 17-வது பாடத்தில் நின்றுவிட்டேன்.

கட்டாயமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று அங்கே வருகிறது. 'கொனக்குத்தெமொ ஈ தெஸ்'. 'கொனக்குத்தெ' என்றால் வராமல். 'மொ' நம்முடைய 'உம்'. 'ஈ' என்றால் நல்லது. அதாவது, வராவிட்டாலும் சரிதான். ஏறக்குறைய தமிழ் வாக்கியமே! வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். 'வரக் கூடாது' என்பது வேறு: 'கித்தெ வா இக்கெமசென்'. அது 15-வது பாடத்து இலக்கணம். இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்வதே இல்லை.

நாம் குழப்புகிறோம். காரணம் நம் 'வேண்டாம்'. தேவையில்லை என்றாலும் வேண்டாம், கூடாது என்றாலும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் ஜப்பான் மேலாளர், "நாளைக்கு கொனக்குத்தெமொ ஈ" என்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் "நாளைக்கு வர வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது என்று பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கொடுத்தது வெறும் சனிக்கிழமை லீவு!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியில்லை. டிரில்லிங் மெஷின் மாதிரி சுற்றுகிற மெஷினில் கிளவுஸ் போடவே கூடாது. நூல் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். ஜப்பானியர் அதை 'இக்கெமசென்' என்றுதான் சொல்வார். தமிழில் 'கிளவுஸ் போட வேண்டாம்' என்று எழுதினால், புதிதாகச் சேர்ந்த பையன் என்ன நினைப்பான்? கட்டாயமில்லை போல, இருந்தாலும் பாதுகாப்புக்குப் போட்டுக்கொள்வோம் என்பான். நல்ல பையன்தான் முதலில் போடுவான்.

பேங்கில் 'பென்சிலால் எழுத வேண்டாம்' என்று போர்டு வைத்திருந்தோம். கடைசி நாள் வரை செலான் பென்சிலில்தான் வந்தது.

மொழிபெயர்க்கும் வேலையில் உள்ள பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். 'இக்கெமசென்' வந்தால் 'கூடாது'. 'னக்குத்தெமொ ஈ' வந்தால் 'தேவையில்லை'. 'வேண்டாம்' பக்கமே போகக் கூடாது.

நம் மோட்டார் ரூம் கதவிலும் 'சுவிட்சைத் தொட வேண்டாம்' என்றுதான் இருக்கிறது. செயலாளர் அதை மாற்றி எழுத ஏற்பாடு செய்யட்டும். பெயின்ட் செலவு என்னுடையது.